மேப்பிள் சிரப்பின் நிறம் தரவரிசை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகான மேப்பிள் சிரப்பை வாங்குவதில் கனடாவிலுள்ள நம்மவர்களிடம் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. வெளிர் நிறமானதுதான் முதல் தரம், கறுத்தது கழிவு என்பது ஒன்று. கறுத்ததில்தான் சத்து இருக்கிறது, வெளிறியது சத்தெல்லாம் எடுக்கப்பட்டது என்பது மற்றது. முதலாவதை நம்புபவர் விருந்தினருக்கென்று மஞ்சள் நிறப் போத்தலைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாவதை நம்புபவர் நீரிழிவு உள்ள தாய் தகப்பனுக்கு மிகக் கறுத்த போத்தலைத் தேடிப் பிடிக்கிறார். இரண்டுமே பிழை. இரண்டாவது பிழை உடம்பையும் கெடுக்கும் என்பதால் உங்கள் வாசகர்களுக்கு இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடைத்தட்டில் கோல்டன், அம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு நிறங்களில் சிரப் இருக்கிறது. நான்கும் ஏ தரம்தான். லேபிளில் 'கனடா கிறேட் ஏ' என்பதற்குப் பக்கத்தில் நிறத்தின் பெயரும் சுவையின் பெயரும் இருக்கும். கோல்டன் என்றால் மென்மையான சுவை, அம்பர் என்றால் செறிவான சுவை, டார்க் என்றால் அழுத்தமான சுவை, வெரி டார்க் என்றால் கடுஞ்சுவை. மொன்றியல் பக்கம் பிரெஞ்சு லேபிள் மட்டும் கண்ணில் பட்டால் டொரே, அம்ப்ரே, ஃபொன்சே, ட்ரே ஃபொன்சே என்பவை இதே வரிசை.

ஏ தரம் என்பதற்கான நிபந்தனைகள் நான்கு நிறத்துக்கும் பொது. கரைந்த திண்மங்கள், அதாவது பெரும்பாலும் சீனி, எடையில் 66 சதவீதத்துக்கும் 68.9 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். புளித்திருக்கக் கூடாது. கலங்கலோ அடிமண்டியோ கூடாது. அந்தந்த நிறத்துக்குரிய மேப்பிள் சுவை இருக்க வேண்டும், வேற்றுச் சுவையோ வாடையோ இருக்கக் கூடாது. இவற்றில் தவறியது பதப்படுத்தல் தரம் என்று ஒதுக்கப்பட்டு உணவுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அது எந்த நிறத்திலும் இருக்கலாம். பொன்போல் தெளிந்த சிரப்பும் வாடை பிடித்திருந்தால் அங்கேதான் போகும். தரத்தைத் தீர்மானிப்பது நிறம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நிறத்தைக் கண்மதிப்பில் சொல்வதும் இல்லை. 560 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைச் சிரப்பினூடாகச் செலுத்தி எத்தனை சதவீதம் மறுபக்கம் வருகிறது என்று அளக்கிறார்கள். தெளிந்த கிளிசரினை 100 என்று வைத்துக்கொண்டு, 75 அல்லது அதற்கு மேல் வந்தால் கோல்டன். 50 முதல் 75க்குள் அம்பர். 25 முதல் 50க்குள் டார்க். 25க்குக் கீழே வெரி டார்க். ஆகவே 51 வரும் சிரப்பும் 74 வரும் சிரப்பும் ஒரே பெயரில் விற்கப்படும். சென்ற முறை வாங்கிய அம்பரும் இந்த முறை வாங்கிய அம்பரும் நாக்கில் வேறுபட்டால் கடைக்காரர் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம்.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நிறம் தீர்மானிப்பதும் பயனற்றது. ஒளி கடக்கும் தூரம் கூடினால் எந்தச் சிரப்பும் கறுத்துத் தெரியும். மேப்பிள் இலை வடிவத்தில் வரும் மெல்லிய கண்ணாடிப் போத்தலில் டார்க் கூடத் தேன்போல ஒளிரும். 4 லீற்றர் கலனில் கோல்டன் கூட மங்கலாகத் தெரியும். லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

பழைய பெயர்கள் இன்னும் மனதில் தங்கியிருப்பதுதான் குழப்பத்தின் பெரும் காரணம் என்று நினைக்கிறேன். கனடாவில் முன்பு எண் முறை இருந்தது. முதலாம் எண்ணுக்குள் எக்ஸ்ட்ரா லைட், லைட், மீடியம் என்று மூன்று, இரண்டாம் எண் அம்பர், மூன்றாம் எண் டார்க். எண் போட்டுவிட்டால் யாரும் அதைத் தரவரிசையாகத்தானே படிப்பார்கள். அமெரிக்காவில் லைட் அம்பர், மீடியம் அம்பர், டார்க் அம்பர் ஆகியவை ஏ தரமாகவும், அவற்றைவிடக் கறுத்தது பி தரமாகவும் இருந்தன. 2014 டிசம்பரில் கனடாவும் 2015 மார்ச்சில் அமெரிக்காவும் விதிகளைத் திருத்தி இப்போதைய நான்கு நிற முறைக்கு வந்தன.

இந்த மாற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கனடிய இரண்டாம் எண் அம்பர் என்பது ஏறத்தாழ 27 முதல் 44 சதவீதம் ஒளி கடந்த சிரப். இன்று அது டார்க் வகைக்குள் வருகிறது. இன்று அம்பர் என்று விற்கப்படுவது முன்பு லைட் என்றும் மீடியம் என்றும் விற்கப்பட்டது. அம்பர் என்ற பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே இருக்கும் சிரப் ஒன்றிரண்டு படி வெளிறிவிட்டது. இருபது வருடத்துக்கு முந்திய கனடியச் சமையற்குறிப்பில் அம்பர் என்று இருந்தால் இன்று வாங்க வேண்டியது டார்க். அமெரிக்கக் குறிப்பில் பி தரம் என்று இருந்தாலும் டார்க் வாங்குவதே பெரும்பாலும் சரி. பலர் நேராக வெரி டார்க்குக்குப் போய்விட்டு 'கசக்கிறது' என்கிறார்கள். அவர்கள் தேடிய சிரப் அதற்கு முந்திய தட்டில் இருந்தது.

நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் பாதிக் கட்டுக்கதைகள் தாமாக விழுந்துவிடும். இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் வெப்பநிலை ஏறி இறங்கும் நாட்களில்தான் மேப்பிள் சாறு வடியும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இடத்துக்கு இடம் சற்று முன்பின்னாக. சாற்றில் சீனி சுமார் 2 சதவீதம்தான், அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் சுக்ரோஸ். உற்பத்தியாளர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. 86ஐச் சாற்றின் சீனிச் சதவீதத்தால் வகுத்தால் ஒரு லீற்றர் சிரப்புக்கு வேண்டிய சாற்றின் அளவு கிடைக்கும். 2 சதவீதம் என்றால் 43 லீற்றர்.

பருவத் தொடக்கத்தில் குளிர் கடுமையாக இருப்பதால் சாற்றில் நுண்ணுயிர்கள் குறைவு. வெயில் ஏற ஏறக் குழாய்களிலும் தொட்டிகளிலும் அவை பெருகி, சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃப்ரக்டோசாகவும் உடைக்கின்றன. இந்தச் சிறு சீனிகள் சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து கொதிக்கும்போது நிறமும் மணமும் உருவாகின்றன. பாண் சுடும்போது மேற்புறம் சிவப்பதும் இதே வினையால்தான். சிறு சீனிகள் கூடினால் நிறமும் கூடும். சாறு தொட்டியில் காத்துக் கிடந்தாலோ, கொதிகலனில் நீண்ட நேரம் நின்றாலோ அதே விளைவு. ஆகவே பருவத் தொடக்கத்தில் கோல்டனும் கடைசியில் வெரி டார்க்கும் கிடைப்பது வழமை. ஆனால் அது விதி அல்ல. திடீர் வெயிலில் பருவ நடுவிலும் நிறம் கறுக்கும், மறுபடி குளிர்ந்தால் திரும்ப வெளிறும்.

இதிலிருந்து தெரிவது: கறுத்த சிரப் கருகியது அல்ல. வெளிறிய சிரப் வெளுக்கப்பட்டதும் அல்ல. கறுத்த சிரப்பைக் கூடுதலாக வற்றக் காய்ச்சிக் கெட்டியாக்குகிறார்கள் என்பதும் தவறு. நான்கு நிறத்தையும் ஒரே அடர்த்தியில்தான் இறக்குகிறார்கள். அன்றைய காற்றழுத்தத்தில் தண்ணீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறதோ அதைவிடச் சுமார் 4 பாகை செல்சியஸ் கூடும்போது பதம். 66 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் சிரப் புளித்துப் போகும். 69ஐத் தாண்டினால் போத்தலின் அடியில் கற்கண்டு போலப் படிகம் கட்டும். அடியில் படிகம் கண்டவுடன் 'சீனி கலந்துவிட்டார்கள்' என்று சொல்வதுண்டு. அது கலப்படத்தின் அடையாளம் அல்ல, பதம் சற்று மிஞ்சியதன் அடையாளம். போத்தலைச் சுடுநீரில் வைத்தால் கரைந்துவிடும்.

வடிகட்டுவதால் சத்துப் போய்விடுகிறது என்ற பேச்சும் அப்படித்தான். காய்ச்சும்போது சாற்றிலுள்ள கல்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து மணல்போல ஒரு படிவு உண்டாகிறது. பல்லில் நறநறக்கும் அந்தப் படிவைத்தான் சூட்டோடு வடித்து எடுக்கிறார்கள். வெளிர் சிரப், கறுத்த சிரப் இரண்டும் வடிக்கப்பட்டவையே.

இனி உடல்நலம். ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லிலீற்றர் மேப்பிள் சிரப் சுமார் 20 கிராம் எடை. அதில் சீனி 12 முதல் 13 கிராம், சக்தி சுமார் 50 கலோரி. ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சீனியிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். கோல்டனானாலும் வெரி டார்க்கானாலும் இந்த எண்கள் மாறா. சிரப்பில் மாங்கனீசும் ரைபோபிளேவின் என்ற பி2 விற்றமினும் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கின்றன, கொஞ்சம் கல்சியமும் பொட்டாசியமும் துத்தநாகமும் உண்டு. கறுத்த சிரப்பில் சில கனிமங்கள் சற்றுக் கூடலாம். ஆனால் அந்தச் சிறு வித்தியாசத்தைப் பெறுவதற்காகக் குடிக்க வேண்டிய சீனியை எண்ணிப் பாருங்கள். ஒரு பிடி கீரையும் ஒரு கிண்ணம் பயறும் கொடுப்பதை அது ஒருநாளும் கொடுக்காது.

வெள்ளைச் சீனியோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றும் வேகம் மேப்பிள் சிரப்புக்குச் சற்றுக் குறைவு என்று அட்டவணைகளில் இருக்கும். அதை வைத்து நீரிழிவு உள்ளவர் தாராளமாக ஊற்றலாம் என்று சொல்பவர்கள் தீங்கு செய்கிறார்கள். தெற்காசியர்களான நமக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். சிரப்பையும் சீனிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். தேநீரில் இரண்டு கரண்டி சீனியை விட்டு இரண்டு கரண்டி சிரப் ஊற்றினால் சீனியை விட்டதாகாது. எலுமிச்சஞ்சாறு, மிளகாய்த்தூள், மேப்பிள் சிரப் மூன்றையும் தண்ணீரில் கலந்து, வேறு உணவே இல்லாமல் நாட்கணக்கில் குடிக்கும் 'உடல் சுத்திகரிப்பு' முறை ஒன்று உண்டு. பி தரம்தான் வேண்டும் என்ற பேச்சு பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

நிறத்தைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. பான்கேக் சிரப், டேபிள் சிரப் என்று விற்கப்படுபவை மேப்பிள் சிரப்பே அல்ல. அவை சோளத்திலிருந்து எடுக்கும் குளுக்கோஸ்-ஃப்ரக்டோஸ் பாகு, தண்ணீர், காரமல் நிறம், வாசனை, தடிப்பாக்கும் பொருள் ஆகியவற்றின் கலவை. இவை மேப்பிள் சிரப்பைவிடத் தடிப்பாக, மெதுவாக ஒழுகும். அதற்குப் பழகியவர்கள் உண்மையான சிரப்பை முதன்முதல் ஊற்றும்போது 'தண்ணீர் கலந்திருக்கிறது' என்கிறார்கள். 66 சதவீதச் சிரப் அறை வெப்பநிலையில் இளகலாகத்தான் ஓடும். அது குறை அல்ல. தடிப்பை வைத்துத் தரம் பார்ப்பவர் கடைசியில் போலியைத்தான் நல்லது என்று தேர்வார். பொருட்பட்டியலைப் பாருங்கள். மேப்பிள் சிரப் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. 'மேப்பிள் சுவை' என்று எழுதி, இலைப்படம் போட்டிருந்தாலும் தரத்தின் பெயர் இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

ஓர்கானிக் முத்திரை வேறு விடயம். தோப்பை எப்படிப் பராமரிக்கிறார்கள், சாறு எடுக்க ஒரு மரத்தில் எத்தனை துளை இடுகிறார்கள், கொதிக்கும்போது நுரை அடங்க எதைச் சேர்க்கிறார்கள் என்பவற்றை அது கட்டுப்படுத்துகிறது. நிறத்தையோ சீனி அளவையோ அது மாற்றாது.

எந்த நிறத்தை எதற்கு வாங்குவது? இங்கே என் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். தயிரிலோ ஐஸ்கிறீமிலோ அப்படியே ஊற்றிச் சாப்பிட கோல்டன். அதன் மென்மையான வனிலா மணம் சூட்டிலும் மசாலாவிலும் காணாமற் போய்விடும், ஆகவே அதைச் சமையலில் ஊற்றுவது வீண். வீட்டில் ஒரே ஒரு போத்தல்தான் வைத்திருப்பீர்கள் என்றால் அம்பர். ஏலக்காய், கராம்பு, தேங்காய்ப்பால் சேரும் எதற்கும் டார்க். எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாணியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகைமணம் மேப்பிளில் கிடைக்காது, ஆனால் அதற்கு மிக அருகில் வருவது டார்க்தான். கேக், சோஸ், இறைச்சிக்குத் தடவும் கலவை போன்றவற்றுக்கு வெரி டார்க்.

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தில் கித்துள் கருப்பட்டிக்குப் பதில் சிரப் ஊற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது, அது இறுகாமல் தண்ணீர் விட்டுப்போவது. காரணம், சிரப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். 250 கிராம் கருப்பட்டிக்கு 250 மில்லிலீற்றர் டார்க் சிரப் போட்டால் இனிப்பு ஏறக்குறைய சரியாகும். அந்தச் சிரப்பின் எடை 330 கிராம், அதில் சுமார் 110 மில்லிலீற்றர் தண்ணீர். தேங்காய்ப்பாலில் அந்த 110ஐக் குறைத்துவிட வேண்டும், கெட்டிப்பாலை மட்டும் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. கேக்கில் ஒரு கோப்பைச் சீனிக்கு முக்கால் கோப்பைச் சிரப் போட்டு, மற்றத் திரவத்தில் 3 மேசைக்கரண்டியைக் குறைத்து, அடுப்பை 15 பாகை செல்சியஸ் இறக்குங்கள். சிரப் சேர்ந்த மா சீக்கிரம் சிவக்கும்.

நிறம் உண்மையிலேயே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று உண்டு. அது மேப்பிள் பட்டர் செய்வது. பெயர் பட்டர் என்றாலும் அதில் வெண்ணெய் இல்லை, சிரப் மட்டுமே. தண்ணீரின் கொதிநிலையைவிட 12 அல்லது 13 பாகை செல்சியஸ் கூடும்வரை காய்ச்சி, அசைக்காமல் பனிநீர்த் தொட்டியில் வைத்து 20 பாகை அளவுக்குக் குளிரவிட்டு, பிறகு மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். சுக்ரோஸ் மிக நுண்ணிய படிகங்களாகி வெண்ணெய் போலத் திரளும். இதற்குக் கோல்டன் அல்லது வெளிர்ந்த அம்பர் வேண்டும். பருவக் கடைசிச் சிரப்பில் குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கூடுதல், அவை படிகம் கட்டுவதைத் தடுக்கும். வெரி டார்க்கை எடுத்து ஒரு மணி நேரம் கிளறினாலும் அது பாணியாகவே இருக்கும். குளிருமுன் கிளறினாலோ படிகம் பெரிதாகி நாக்கில் மணல்போல உறுத்தும்.

சேமிப்பில் நடக்கும் தவறுகளும் தரத்தின் மேல்தான் பழியாக விழுகின்றன. திறக்காத கண்ணாடிப் போத்தலும் ரின்னும் நீண்ட காலம் கெடாது. பிளாஸ்ரிக் கலன் அப்படி அல்ல. அதன் சுவரினூடாக ஒக்சிசன் மெல்ல உட்புகுந்து சில மாதங்களில் சிரப்பைக் கறுக்கச் செய்யும், சுவையும் மழுங்கும். லேபிளிலுள்ள நிறம் அடைத்த அன்றைய நிறம். ஊருக்கு அனுப்புவதற்கோ மாதக்கணக்கில் வைப்பதற்கோ வாங்கினால் ரின் அல்லது கண்ணாடியையே வாங்குங்கள். கியூபெக்கில் வழமையான 540 மில்லிலீற்றர் ரின் இதற்கு மிகப் பொருத்தம்.

திறந்தபின் எந்த நிறமானாலும் குளிர்சாதனப் பெட்டிக்குள். தேன் வெளியில் இருக்கிறதே என்று இதையும் அலுமாரியில் வைப்பதால்தான் மேலே பூஞ்சணம் படர்கிறது. 66 சதவீதச் சீனி பெரும்பாலான நுண்ணுயிர்களைத் தடுக்கும், ஆனால் குறைந்த ஈரத்தில் வாழும் பூஞ்சணங்களைத் தடுக்காது. மேலே ஆடையை எடுத்துவிட்டுக் கொதிக்க வைத்துப் பாவிப்பது பழைய வழக்கம். என் கருத்து, கொட்டிவிடுவதே பாதுகாப்பு. புளிப்பு மணமோ குமிழியோ வந்தாலும் அப்படியே. பெரிய கலன் வாங்குபவர்கள் சிறு போத்தல்களில் பிரித்து உறைபெட்டியில் வைக்கலாம். வீட்டு உறைபெட்டியின் குளிரில் சிரப் கட்டியாக உறையாது, எடுத்த உடன் ஊற்றலாம்.

நம் கடை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரப் போத்தல்களை அழகுக்காக வெயில் விழும் கண்ணாடி யன்னலோரம் அடுக்காதீர்கள். டேபிள் சிரப்பையும் மேப்பிள் சிரப்பையும் ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள், முதியவர்கள் விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். 'முதல் தரம்', 'இரண்டாம் தரம்' என்று கையால் எழுதிய அட்டைகளை எடுத்துவிட்டு, போத்தலில் உள்ள நிறத்தின் பெயரையே எழுதுங்கள்.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறேன். சமையற்பகுதியில் மேப்பிள் சிரப் சேரும் குறிப்புகளை வெளியிடும்போது 'இரண்டு கரண்டி சிரப்' என்று விடாமல், எந்த நிறம், எத்தனை மில்லிலீற்றர் என்று குறிப்பு எழுதுபவர்களிடம் கேட்டுப் போடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கான குறிப்பு என்றால் அதில் சேரும் சீனி எத்தனை கிராம் என்பதும் பக்கத்தில் வரட்டும்.

நன்றி.

இங்ஙனம்,
உணவுத் தரக் கட்டுப்பாட்டுத் துறையைச் சேர்ந்த வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ